ஐந்து அடுக்கும் அப்படியே இருந்தன

எனக்கு வணக்கம் சொல்கிறவர்களைவிட, தங்கள் வீட்டு நாய்க்குப் பேதி போன படத்தைக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். கல்யாணப் பந்தி என்றாலும் விட மாட்டார்கள். இலையில் சாம்பார் விழுகிற நேரம் பார்த்து, "டாக்டர், ஒரே நிமிஷம்" என்று ஃபோனை நீட்டுவார்கள். நானும் பார்ப்பேன்! சோற்றைப் பிசைந்துகொண்டே, "சளி சளியா இருக்கே, பெருங்குடல்ல புண்ணு. ரத்தம் சிவப்பா வந்துச்சா, கருப்பா வந்துச்சா?" என்று கேட்பேன். பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். என் கணவர் இப்போதெல்லாம் எனக்கு நாலு நாற்காலி தள்ளித்தான் உட்காருகிறார்.

பெங்களூரில் நாய்களுக்கு வயிற்று ஸ்கேன் எடுப்பது என் தொழில். படித்தது கால்நடை மருத்துவம், ஆனால் சொந்தமாக க்ளினிக் கிடையாது. கூப்பிடுகிற க்ளினிக்குக்கெல்லாம் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போவேன். காலையில் ரிச்சர்ட்ஸ் டவுன், மதியம் காக்ஸ் டவுன், சில நாள் அத்திபெலே வரைக்கும். அத்திபெலே போய் வந்த அன்று வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். சும்மாவே எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும், அந்த ட்ராஃபிக்கில் சிக்கி வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் குடலைப் பார்க்கிறபோது மட்டும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விடும். இதயம், சிறுநீரகம் எல்லாம் வைத்த இடத்தில் அடக்கமாக இருக்கிற உறுப்புகள். குடல் அப்படியா? இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் நழுவும், வாயுவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைத் துரத்தித் துரத்திப் பிடிப்பதில் எனக்கு ஒரு வெறியே உண்டு.

இதில் பெரிய சிக்கல் குடல் இல்லை, நாயின் குடும்பம். நாய் என்ன தின்றது என்று கேட்டால் சத்தியமாக ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஒரு முறை ஐ.டி.யில் வேலை செய்கிற ஒரு பெண், "தயிர் சாதம் மட்டும்தான் டாக்டர்" என்று அடித்துச் சொன்னாள். அவள் கணவன் கார் எடுக்கிற சாக்கில் என் பின்னாலேயே வந்து, "நேத்து கொஞ்சம் ஷவர்மா குடுத்தேன், அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். அவன் போனதும் மாமியார் வந்தார். "ஒரே ஒரு மைசூர்பாகும்மா." ஒரே ஒண்ணா என்று நான் முறைத்ததில், "ஒரே ஒரு டப்பா" என்று திருத்திக்கொண்டார். இப்படித் திருட்டுத்தனமாகத் தீனி போட்டவர்களை எல்லாம் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துப் பழகியவள் நான். என்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று மமதையாகவே இருந்தேன்.

அப்போதுதான் காக்ஸ் டவுனிலிருந்து அந்த அழைப்பு வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம். அங்கே க்ளினிக் வைத்திருக்கும் டாக்டர் கன்னடக்காரர், ஆனால் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"மேடம், ஒரு கேஸ். பத்து வயசு ஆம்பளை நாய். விட்டு விட்டு வாந்தி, எடை இறங்கிடுச்சு. வயித்த அமுக்கினா எலுமிச்சம்பழம் சைஸ்ல கையில தட்டுது. எக்ஸ்ரேலயும் கட்டி மாதிரிதான் தெரியுது. வீட்டுக்காரங்க இன்னிக்கு சாயந்தரம் ஊசி போட்டு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துட்டா என் மனசு ஆறும்."

ஊசி போட்டு அனுப்புவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது இல்லை. வலியில்லாமல் தூங்க வைத்து, தூக்கத்திலேயே உயிரை நிறுத்துவது. தேவைப்படுகிற இடத்தில் அது பெரிய கருணைதான். எனக்கும் தெரியும். ஆனால் குடலை ஒரு முறை கூடப் பார்க்காமலா? ஸ்கூட்டரை எடுத்த வேகத்தில் ஹெல்மெட் மாட்ட மறந்து, பாதி வழியில் நின்று மாட்டினேன்.

சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே நுழைந்தபோது அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கணவனும் மனைவியும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அந்தம்மா பள்ளிக்கூட டீச்சர், இன்னும் வேலையில் இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக காக்ஸ் டவுனில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம். பெயர்களைச் சொல்ல மாட்டேன், நாயின் பெயரைச் சொல்லவே மாட்டேன். அதைச் சொன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். அவ்வளவு பிரபலம் அவன்.

அவன் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். பழுப்பு நிற நாட்டு நாய். முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல் இளைத்திருந்தான். ஆனாலும் என்னைப் பார்த்ததும் வாலின் நுனியை மட்டும் ஒரு தட்டு தட்டினான், மரியாதைக்கு.

"ஃபாதர்கிட்ட கூட கேட்டுட்டேன் டாக்டர்" என்றார் அவர், நான் எதுவும் கேட்காமலே. "பாவமில்லை, அது கஷ்டப்படாம போகட்டும்னு சொல்லிட்டார்."

"நான் ஒத்துக்கலை" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "எல்லாம் இவர் முடிவு."

"ஏம்மா, ராத்திரி பூரா அவன் முனகறதக் கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"முனகினா? நீங்க முனகினப்போ நான் என்ன ஊசியா போட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து நேராக வேலையில் இறங்கினேன்.

"அங்கிள், இவன் எதாச்சும் கண்டதையும் தின்னானா? குப்பை, கல்லு, துணி, பந்து, மாங்கொட்டை?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெருவுல பொறந்தவன்தான் டாக்டர், ஆனா சாப்பாட்டுல கலெக்டர். சோறு ஆறிப் போச்சுன்னா திரும்பிப் பார்க்க மாட்டான். குப்பையில வாய் வைக்கறதாவது!"

டீச்சரைப் பார்த்தேன். "அதுல அவர் சொல்றது நிஜம்தான்" என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், இது அந்த முகம் இல்லை. சரி, கட்டிதான் போலிருக்கிறது என்று மனசு தொய்ந்துவிட்டது.

அவனை மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவினேன். குளிர்ச்சிக்கு ஒரு தடவை துள்ளினான், பிறகு என் மணிக்கட்டை நக்கினான். டேய், இன்றைக்குச் சாயந்தரம் உன் கதை முடிய வேண்டும் என்கிறார்கள், நீ என்னை நக்கிக்கொண்டிருக்கிறாயா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

கல்லீரல் சுத்தம். மண்ணீரல் சுத்தம். இரைப்பைக்குக் கீழே வந்ததும் ஒரு குடல் வளைவு உப்பித் தளும்பிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற தண்ணீர் முன்னால் போகிறது, பின்னால் வருகிறது, தாண்டிப் போக வழியில்லை. அப்படியானால் அதற்கு அடுத்து ஏதோ அடைத்திருக்கிறது. மெதுவாக நகர்த்தினேன். கையில் தட்டிய அந்த எலுமிச்சம்பழம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாயின் குடல் சுவர் ஸ்கேனில் ஐந்து அடுக்காகத் தெரியும். வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று ஜமுக்காளத்தின் ஓரக் கோடு மாதிரி மாறி மாறி ஓடும். குடலில் புற்று வந்தால் பெரும்பாலும் முதலில் அந்தக் கோடுகளைத்தான் தின்னும். எல்லாம் கலந்து ஒரே சாம்பல் களியாகிவிடும். புண்ணோ வீக்கமோ என்றால் சுவர் தடிக்கும், ஆனால் கோடுகள் நிற்கும்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். சுவர் தடித்துத்தான் இருந்தது. சுற்றிலும் கொழுப்பெல்லாம் வீங்கிச் சேர்ந்து உருண்டையாகி இருந்தது, அதனால்தான் கைக்குக் கட்டி மாதிரி தட்டியிருக்கிறது. ஆனால் கோடுகள்? வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. மறுபடி எண்ணினேன். கோணத்தை மாற்றி மறுபடி. நடுவில் பளீரென்று வளைந்த ஒரு கோடு, அதற்கு அடியில் கன்னங்கரேலென்று நிழல். சதைக்கு அப்படி நிழல் விழாது. உள்ளே ஏதோ பொருள் இருக்கிறது!

"அஞ்சும் இருக்கு!" என்று கத்திவிட்டேன். "சார், ஓடி வாங்க! அஞ்சும் இருக்கு!"

அங்கிள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "அஞ்சு கட்டியா டாக்டர்?"

"ஐயோ, இல்லை அங்கிள்! கட்டியே இல்லை!"

க்ளினிக் டாக்டர் வந்து திரையில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம் வந்தால் மட்டும் வாயில் கன்னடம் வரும். "ஹௌதா?" என்றார், அப்படியா என்று. பிறகு இன்னும் மெதுவாக, "ஹௌதல்லா..." என்றார், ஆமாம்தானே என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்திலேயே குதித்திருப்பேன், ஒரு கை நாயின் வயிற்றில் இருந்ததால் அடங்கினேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடைப்பு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். பத்து வயது, இந்த மெலிந்த உடம்பு, மயக்க மருந்து தாங்குமா என்பது தனிக் கேள்வி. நான் சொன்னது தப்பானால், அவர் மடியில் அமைதியாகத் தூங்கியிருக்க வேண்டியவன் விளக்குக்கு அடியில் வயிறு கிழிபட்டுப் போவான்.

அங்கிள் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "நிச்சயமா சொல்றீங்களா? ஏன்னா, இன்னிக்கோட உன் வலி முடிஞ்சிடும்டா மகனேன்னு அவன்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். வாக்குக் குடுத்துட்டேன் டாக்டர்."

என் புத்தி, பக்குவமாகப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "அப்போ இன்னொரு தடவை சொல்லுங்க! வலி முடியத்தான் போகுது, ஆனா வேற வழியில முடியும்னு சொல்லுங்க! உள்ளே என்னமோ மாட்டியிருக்கு அங்கிள், என் கண்ணால பார்த்தேன். எடுத்துட்டா வீட்டுக்கு வருவான். மயக்க மருந்துல ஆபத்து இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது கட்டி இல்லை!"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே காத்திருந்த ஒரு பூனைக்காரம்மா எட்டிப் பார்த்தார். டீச்சர் எழுந்து, மழையில் நனைந்த சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "அறுங்க டாக்டர்" என்றார். பரீட்சை ஹாலில் மணி அடித்த மாதிரி இருந்தது.

ஸ்கேன் முடிந்ததும் மெஷினைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறவள் நான். அன்றைக்கு ஓட மனசு வரவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஃபோன் போட்டு நேரமாகும் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு, கையைக் கழுவி உறை மாட்டி, மேஜைக்கு எதிர்ப் பக்கம் நின்றேன்.

வயிறு திறந்தது. டாக்டர் விரலை விட்டுத் துழாவி, அந்த உருண்டையை மெதுவாக வெளியே எடுத்து ஈரத் துணியில் வைத்தார். சிவந்து வீங்கியிருந்தது, ஆனால் உயிருள்ள குடல். அழுகல் இல்லை, ஓட்டை இல்லை. சின்னதாக ஒரு கீறல் போட்டு இடுக்கியை உள்ளே விட்டார். வந்த நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! எனக்கு அது மல்லிகைப்பூவாக மணந்தது. இடுக்கியின் நுனியில் பச்சையும் பழுப்புமாக நார் நாராக ஏதோ சுருண்டு வந்தது.

"சோள மட்டையா மேடம்?"

"அலசிப் பாருங்க சார்."

தண்ணீரில் அலச அலச அது பிரிந்தது. நார் இல்லை, ஓலை. சும்மா ஓலை இல்லை, மடித்து மடித்துப் பின்னிய ஓலை. நீளமாக ஒரு துண்டு, குறுக்கே ஒரு துண்டு. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

எனக்கு விளங்கவில்லை, அவருக்கு விளங்கிவிட்டது. "குருத்தோலைச் சிலுவை மேடம். ஈஸ்டருக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை மந்திரிச்சுக் குடுப்பாங்க. இங்க எல்லார் வீட்லயும் சிலுவையா பின்னி, சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருப்பாங்க." இதைச் சொல்லிவிட்டு மறுபடி தையலுக்குக் குனிந்தார். உப்புத் தண்ணீர் ஏற்றி, தையல் கசிகிறதா என்று அழுத்திப் பார்த்தோம். கசியவில்லை. மயக்கம் தெளிய ஆரம்பித்ததும் அவன் செய்த முதல் காரியம், வாலின் நுனியை ஒரு தட்டு தட்டியதுதான்.

அந்த ஓலையைக் கிண்ணத்தில் வைத்து வெளியே எடுத்துப் போனேன். போலீஸ்காரி மாதிரி நடந்தேன் என்று க்ளினிக் டாக்டர் இன்றைக்கும் கேலி செய்கிறார்.

"நல்லா இருக்கான். கட்டி இல்லை. இதுதான் உள்ளே இருந்துச்சு."

டீச்சர் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். அங்கிள் பார்த்துவிட்டு, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான்தான் டாக்டர்" என்றார் விரல் இடுக்கு வழியாக. "ஈஸ்டர் முடிஞ்சு கொஞ்ச நாள்ல இவனுக்கு லேசா வயித்தால போச்சு. சாமி படத்துக்குப் பின்னாடி இருந்த ஓலையை எடுத்து, ஜெபம் பண்ணி, கழுத்துப் பட்டையில கட்டி விட்டேன். மறுநாள் வயிறு சரியாயிடுச்சு. ஓலையைக் காணோம். எங்கயோ விழுந்திருக்கும்னு நினைச்சேன்."

டீச்சர் ஒரு மாதிரி குரலில் கேட்டார். "என்னிக்குக் கட்டினீங்க? ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா."

"சாப்பிட்டுட்டா?"

அங்கிள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

"வஞ்சிர மீன் வறுவல்!" என்று டீச்சர் போட்ட கூச்சலில் பூனைக்காரம்மா மறுபடி எட்டிப் பார்த்தார். "மீன் தின்ன கையைக் கழுவாம கட்டியிருக்கீங்க! அவன் கலெக்டர்தானே, வாசனை பார்க்காமலா விடுவான்!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்து, டீச்சர் சிரித்த சிரிப்பு அழுகையாக மாறி, அங்கிள் தன் கைக்குட்டையை எடுத்து அவருக்குக் கொடுத்தார். எனக்கு ஒன்று மட்டும் அடங்கவில்லை. "அங்கிள், அவ்வளவு கேட்டேனே, ஏன் சொல்லலை?"

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு நிமிர்ந்தார். "நீங்க குப்பை தின்னானான்னுதானே கேட்டீங்க? இது குப்பை இல்லையே டாக்டர்!"

அன்றிலிருந்து எந்த வீட்டு நாய் வந்தாலும், "சாமி அறையில எதாச்சும் குறையுதா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன். திருப்பதிக் கயிறு, தாயத்து, ஒரு தடவை முழு எலுமிச்சம்பழ மாலை. கேட்டால்தானே சொல்வார்கள்!

கிண்ணத்தை மஞ்சள் கழிவுப் பையில் கவிழ்க்கப் போனபோது அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாதாம். இது எங்கேயிருந்து வந்தது என்று யோசியுங்கள் அங்கிள் என்றேன். எங்கேயிருந்து வந்தாலும் மந்திரித்தது மந்திரித்ததுதான் என்றார். ஓலையை மருந்தில் ஊற வைத்துக் கழுவி, ஒரு சாம்பிள் டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தோம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாயைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாதங்கள் கழித்து, பிப்ரவரி வெயில் ஆரம்பித்த ஒரு காலையில், சும்மா ஒரு முறை வயிற்றைப் பார்த்துவிடலாம் என்று அதே க்ளினிக்குக்கு மூன்று பேரும் வந்தார்கள். அவனை ஆளே அடையாளம் தெரியவில்லை. கழுத்து சதை போட்டு, மேஜை மேல் தானாகவே தாவி ஏறினான். கணவன் மனைவி இரண்டு பேர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவைக் குறி இருந்தது. அன்று திருநீற்றுப் புதன், கோயிலில் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசுகிற நாள். பூசை முடிந்து நேராக வந்திருக்கிறார்கள்.

ஸ்கேன் போட்டேன். தையல் போட்ட இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அங்கிள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாய்க்குள்ளேயே எண்ணினார். முடித்ததும், "அஞ்சும் இருக்கு" என்றார், ஏதோ அவரே வைத்தது போல.

"அந்த ஓலை டப்பா என்ன ஆச்சு அங்கிள்?"

"கோயில்ல குடுத்துட்டேன். பழைய ஓலையை எல்லாம் எல்லாரும் கொண்டு வந்து குடுத்துடுவோம். அதை எரிச்சுத்தான் இந்தச் சாம்பல் பண்ணுவாங்க." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். டீச்சர் நெற்றியைப் பார்த்தேன். இன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போன அத்தனை பேரையும் நினைத்துப் பார்த்தேன். "அப்போ எல்லாருக்கும்..."

"ஆமா" என்றார் அவர் நிதானமாக.

"ஃபாதர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு?"

அதற்குள் மேஜை மேல் எழுந்து நின்றவன், அவர் தோளில் இரண்டு காலையும் போட்டு, ஒரே நக்கில் அவர் நெற்றிச் சாம்பலில் பாதியைத் துடைத்துவிட்டான். "டேய், டேய், துப்பு!" என்று நான் பாய்ந்தேன். அங்கிள் என்னைக் கையால் தடுத்தார்.

"விடுங்க டாக்டர், அவனோடதுதானே" என்று சொல்லி, மீதிக்கும் நெற்றியைக் குனிந்து கொடுத்தார்.